முறிந்த ஊசியின் முனை

கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திக் குத்திப் பொம்மை செய்யும் வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. தையலே வேண்டாம். குத்தக் குத்தப் பஞ்சு தானாக இறுகிவிடும். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே கணவரின் தறிப்பட்டறை. நூலுக்குக் குறைவில்லாத வீட்டில் இருந்துகொண்டு, ஆன்லைனில் பஞ்சும் ஊசிகளும் வரவழைத்தேன்.

அன்று மத்தியானம் ஸ்பாஞ்சின் மேல் வெள்ளைப் பஞ்சை வைத்துக் குருவி செய்ய ஆரம்பித்தேன். அந்த ஊசியின் முனையில் பூனை நாக்கைப் போலச் சின்னச் சின்ன முட்கள். நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும், சாய்த்தால் உடையும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஒரு கண் கைபேசியில் இருந்ததால் கை சாய்ந்துவிட்டது. 'டிக்'கென்று ஒரு சத்தம். ஊசியைத் தூக்கிப் பார்த்தேன். முனையைக் காணோம்.

பாயில் விளையாடிக்கொண்டிருந்த மகள் எப்போது பக்கத்தில் தவழ்ந்து வந்தாள் என்றே தெரியவில்லை. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"வாயத் தொற சாமி, தொற!"

விரலை விட்டு எடுத்தேன். ஈரமான பஞ்சு வந்தது. அவள் வீறிட்டு அழுதாள். உதட்டில் ரத்தம்.

அவளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். தறிச் சத்தத்தில் நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க, பாப்பா ஊசிய முழுங்கிட்டாளுங்க!"

அவர் தறியை அப்படியே நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார். பாலத்தைத் தாண்டிப் பவானி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, அவள் அழுதாலும் பயமாக இருந்தது, அழுகையை நிறுத்தினால் அதைவிடப் பயமாக இருந்தது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "உள்ள ஒன்னுமில்லீங்க" என்றார்.

"ரத்தம் வந்துச்சுங்களே?"

"பாப்பா வாயில காயமே இல்லம்மா. உங்க வெரலப் பாருங்க."

என் ஆள்காட்டி விரலில் ரத்தம் உறைந்திருந்தது. ஊசி குத்தியது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படியானால் முனை வீட்டில்தான் எங்கேயோ கிடக்கிறது. திரும்பி வந்ததும் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தால் கணவர் தரை முழுவதும் தடவினார். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் நான் அந்த அரைக் குருவியைப் பிய்த்தேன். வயிற்றுக்குள் இருந்தது முனை, எள்ளைவிடக் கொஞ்சம் நீளமாக.

"கெடச்சிருச்சல்ல, உடு" என்றார் அவர். அதற்கப்புறமும் பல நாள் மகளைத் தரையில் விட எனக்கு மனம் வரவில்லை.

சில வாரம் கழித்து, அவளை அவர் வெளியே கூட்டிப்போன ஒரு நாள், கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு குருவியைச் செய்து முடித்தேன். தலை கோணல். அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மகள் அதைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். எடுத்துக் கொடுக்க இன்னும் தைரியம் வரவில்லை.