ரெண்டாவது ஊசி

கிட்ட வந்து உக்காருங்க. எங்க வேலையில ஊசி அழுத்துற நேரம் கம்மி. கதவைத் திறக்க வெக்கிற நேரம்தான் ஜாஸ்தி. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கினவங்களுக்கு இது தெரியும்.

வாசப்படி

எண்பத்திரெண்டாம் வருஷம் இருக்கும். நான் நர்ஸ் சிஸ்டருக்குப் பெட்டி தூக்குற ஆயா. அடி அண்ணாமலை கிராமத்துல சரசுன்னு ஒரு பொண்ணு. கதிர் அறுக்கிற பண்ணரிவாளால தொப்புள்கொடி அறுத்ததுல, அவளோட முதல் புள்ள ஏழாம் நாள் பால் குடிக்க வாய் திறக்காம வெறைச்சுப் போயிடுச்சு. ரணஜன்னி, டெட்டனஸ்னு சொல்றாங்களே, அது. காத்து பட்டதுன்னுட்டா மாமியார்.

ரெண்டாவது உண்டானப்ப ஆறாம் மாசம், மாமியார் களையெடுக்கப் போன நேரமா அதைத் தடுக்கிற முதல் ஊசி போட்டோம். அடுத்த மாசம் ரெண்டாவதுக்குப் போனா, அந்தம்மா வாசல்ல குறுக்க நிக்குது. உள்ளயிருந்து சரசு எங்களையே பாக்கிறா.

"ஒரு ஊசிக்கே ரெண்டு நாள் கை தூக்கல. இன்னொண்ணு போட்டா மாவு ஆட்ட நீ வரியா?"

எலும்புக்குள்ள

திரும்பி நடக்கையில, ஒண்ணு போட்டாச்சே, போதாதான்னு சிஸ்டரைக் கேட்டேன். நம்ம எலும்பு மஜ்ஜையில பி செல்லுன்னு அணுங்க பொறக்குதாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு எதிரியைத்தான் அடையாளம் தெரியும். ஊசியில ரணஜன்னி விஷத்தோட பல்லைப் புடுங்கிக் காட்டுனதும், அதுக்குன்னு இருக்கிறது மட்டும் பல்கிப் பெருகும். அதுல சிலது விஷத்துக்கு மாத்து மருந்து சுரக்கும். மீதி ஞாபகம் வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். முதல் தடவை சுரக்கிறது கம்மி. ரெண்டாவது ஊசியிலதான் காத்திருந்ததெல்லாம் எழுந்து, வயித்துப் புள்ள வரைக்கும் போற அளவுக்குச் சுரக்குமாம்.

"அது அந்த மாமியார் மாதிரி ஆயாம்மா. ஒருதரம் ஆகாதுன்னு பார்த்துட்டா லேசுல மறக்காது. அடுத்த தரம் படி ஏறினாலே பாயும்."

வளையல்

வளையக்காரம்மாகிட்ட சரசு சொல்லி அனுப்பினா: வளைகாப்புக்கு வாங்க, பெட்டியோட வாங்க. சிஸ்டர் வெள்ளைப் புடவையை விட்டுட்டு, விருந்தாளி மாதிரி கலர் கட்டிக்கிட்டாங்க. ஊசியைக் கொதிக்க வெச்சு நான் மூடி எடுத்துக்கிட்டேன்.

பொம்பளைங்க வரிசையா வளையல் போட்டாங்க. சிஸ்டர் முறை வந்து ரெண்டு கண்ணாடி வளையல் போட்டதும், இன்னிக்கு நான் கேட்டத இல்லேன்னு சொல்லக் கூடாதில்லன்னு சரசு மாமியாரைக் கேட்டா. ஏதோ பலகாரம்னு நினைச்சுக்கிட்டு, கேளும்மான்னுது அது, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி.

"ஊசி வேணும் அத்தை. போன புள்ளைக்குக் கேக்காம விட்டேன்."

வளையலை ஒதுக்கிவிட்டு, ரவிக்கைக் கையை அவளே மேல ஏத்தினா. சிஸ்டர் குத்தி எடுத்தாங்க. பஞ்சை வாங்கி ஊசி போட்ட எடத்துல வெச்சா சரசு. மாமியார் விரலைப் புடிச்சு இழுத்து அதுமேல வெச்சா.

"நல்லா அழுத்திப் புடிங்க அத்தை."

புள்ள பொறந்து எட்டாம் நாள் நாங்க போனப்ப, அது வாயைத் திறந்து தெருவுக்கே கேக்க அழுதுச்சு.

கண்ணுக்குத் தெரியாத அந்த அணுவுக்கு ரெண்டு தரம் சொன்னா போதும். மனுசங்களுக்குத்தான் ஒரு வளைகாப்பே நடத்த வேண்டியிருக்கு.