ஷிப்ட் கட்டில்

எழுபதுகளில் புதுச்சேரியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே அறை, ஒரே கட்டில். அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட், அண்ணனுக்குப் பகல் ஷிப்ட். அண்ணன் எழுந்துபோன சூட்டிலேயே அப்பா வந்து படுப்பார்; கட்டில் ஆறவே ஆறாது. பகல் முழுக்கப் பெரிய மார்க்கெட் இரைச்சல். அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தபோது, "நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். அந்த ஆள் ஒரு நாள் எங்கள் வீட்டில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எண்பதுகளில் மில்லை மூடிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ராத்திரி முழுக்க ஓய்வுதான்.

"நீ கட்டில்ல படுடா," என்பார் அப்பா.

"எனக்குத் தூக்கம் வரல. நீ படுத்துக்கப்பா," என்பான் அண்ணன்.

விடிந்து பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கட்டில் சில்லென்று கிடக்கும்.