மாடத்தியும் நாற்பது 'மேலது'களும்

தீசிஸ் டைப் அடிக்கிறவர்களின் உலகத்தில் பக்கத்தின் மேல்பகுதி ஆராய்ச்சியாளருக்குச் சொந்தம். அடியில் இருக்கும் நாலு வரி எங்கள் தலையெழுத்து.

கார்பன் தாளில் கை கறுத்த என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் பாலக்காட்டில், கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில், ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு வேலை. இங்கிலீஷ் மெஷின் ஆறு, மலையாள மெஷின் இரண்டு, தமிழ் மெஷின் ஒன்றே ஒன்று. கேரளத்துக் கல்பாத்தியில் பிறந்தும் ஒழுங்காகத் தமிழ் படித்த குற்றத்துக்காக அந்த ஒன்று என் தலையில் விழுந்தது. பக்கத்துச் சித்தூரிலிருந்து மலைமேல் தேவிகுளம் வரை தமிழில் பட்டம் வாங்கத் துடித்தவர்கள் எல்லாரும் எங்கள் மாடிப்படி ஏறினார்கள்.

ஒரு தாள், அதன் அடியில் நாலு கார்பன், நாலு நகல். அடிக்குறிப்புக்கு எத்தனை வரி வேண்டும் என்று முன்கூட்டியே மனசில் எண்ணி, சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வரி பிசகினால் ஐந்து தாளும் குப்பை. இந்த அவஸ்தையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை 'மேலது' என்ற சொல். இதற்கு முந்தைய குறிப்பில் சொன்ன அதே புத்தகம், அதே ஆள் என்று பொருள். ஒரு தடவை முழுசாக அடித்துவிட்டால் அப்புறம் 'மேலது', 'மேலது' என்று ஓட்டிக்கொண்டே போகலாம். அந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. அது ஒரு பெண்ணின் பெயரை விழுங்கப் பார்த்த நாள் வரைக்கும்.

மேலே யாருமில்லை

வேலுச்சாமி சார் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் அவ்வளவாக இல்லை. இரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் பக்கம், முதல் அடிக்குறிப்பு: 'மேலது, ப. 88.' வேறு யாருடைய தீசிஸிலிருந்தோ பாதியில் வெட்டி எடுத்த சரக்கு என்று பார்த்தவுடன் தெரிந்தது. வெட்டியவர் தலையை அங்கேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்.

"சார், மேலதுன்னா மேலே ஏதாவது இருக்கணுமோல்லியோ? இங்கே மேலே அத்தியாயத் தலைப்பு மட்டும்னா இருக்கு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"ஏனுங்க, போன அத்தியாயத்துக் கடைசியில ஏதாச்சும் நல்ல புத்தகமா இருந்துச்சுன்னா, அதுவே இருந்துட்டுப் போகட்டுமுங்க."

அரிசி மூட்டை

அதே வேலுச்சாமி சார் ஒரு கோடை விடுமுறையில் கோயம்புத்தூர் நூலகங்களில் உட்கார்ந்து நிஜமாகவே குறிப்பெடுத்தார். ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு மேற்கோள், அதன் கீழே நூலின் பெயர். நாலைந்து சீட்டு போனதும் கை வலித்ததோ என்னவோ, நூல் பெயருக்குப் பதில் 'மேலது' எழுத ஆரம்பித்துவிட்டார். சீட்டுகளை வரிசையாக அடுக்கி, தங்கியிருந்த வீட்டு அரிசிச் சாக்கில் போட்டு, வாய் தைத்து பஸ்ஸில் ஏற்றினார். அப்போது தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டக் கூடாது. வாளையார் செக்போஸ்டில் சாக்கைக் கண்டால் விடமாட்டார்கள்.

தையலைப் பிரித்து, அடிவரை கைவிட்டு, கடைசியில் சாக்கையே ரோட்டோரம் கவிழ்த்துப் பார்த்தார்கள். லாரிகள் கிளப்பிய காற்றில் சீட்டுகள் பறந்தன. பொறுக்கி வந்ததை என் மேசையில் கொட்டினார். முக்கால்வாசிச் சீட்டில் 'மேலது' என்றுதான் இருந்தது. எதற்கு மேலே, யாருக்கு மேலே என்று எழுதியவருக்கே தெரியவில்லை. சோதனைக்காரரிடம் சண்டை போடாமலா வந்தீர்கள் என்று கேட்டேன். போட்டாராம். அந்த மனிதர் நாலு சீட்டை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"எல்லாத்திலும் ஒண்ணு தன்னே எழுதியிருக்கு சாரே. பின்னே எது முதல்ல வெச்சா எந்தா?"

செக்ரோல் நம்பர்

சுடலைமுத்து தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பள்ளி வாத்தியார். அவர் அம்மா மாடத்தி அங்கேயே கொழுந்தெடுக்கிறவர். தேயிலைத் தோட்டத்துப் பாடல்கள்தான் மகனுடைய ஆராய்ச்சி. மூன்றாம் அத்தியாயத்தில் நாற்பத்தொரு பாட்டு, அத்தனையும் அம்மா பாடக் கேட்டு எழுதியது. முதல் அடிக்குறிப்பில் 'பாடியவர்: மாடத்தி. நேரில் கேட்டு எழுதியது, தேவிகுளம்' என்று இருந்தது. மீதி நாற்பதுக்கும் 'மேலது'. இப்படி எழுதி வருகிறவர்களை நான் கும்பிடுவேன்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஏற்கனவே ஒரு தடவை கெடு நீட்டிக் கொடுத்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷ உழைப்பு போச்சு. ஆனால் அந்த மனிதர் பட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. நான் முதல் குறிப்பை அடித்து முடித்ததும் தாளை உருவச் சொல்லி, அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூலி போடுற செக்ரோல்ல அம்மாவுக்கு நம்பருதாங்க்கா. பேரு அச்சு மாதிரி எழுத்துல வாறது இங்கதான்."

பச்சை மை

அந்த அத்தியாயம் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரின் பார்வைக்குப் போய்த் திரும்பியது. ஒரே ஒரு திருத்தம், பச்சை மையில். முதல் பாட்டு முடிந்ததும் 'இது குறித்து அறிஞர் கருத்தும் காண்க' என்று ஒரு வாக்கியம், அதற்கு இரண்டாம் எண், கீழே பேராசிரியரின் சொந்தப் புத்தகம். எஸ்டேட் பக்கமே வராமல் எழுதிய அறுபது பக்கப் புத்தகம். நான் அர்த்தம் பார்த்து அடிக்கிறவள் இல்லை. பார்த்தால் வேலை ஓடாது. கண்ட மாதிரியே அடித்து வைத்தேன். கெடுவுக்கு ஆறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஒத்துப் பார்க்க உட்கார்ந்தோம். நான் குறிப்புகளை வாசித்தேன். ஒன்று, மாடத்தி. இரண்டு, பேராசிரியர். மூன்று, மேலது. நாலு, மேலது. ஐந்தாவதில் சுடலைமுத்து என்னை நிறுத்தினார். "அக்கா, இது அம்மா பாடுனதுல்லா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பாட்டும் ஒரே பச்சைக் கோட்டில் பேராசிரியர் கைக்குப் போய்விட்டன.

மறுநாள் கோயம்புத்தூரில் ஒரு பட்டிமன்றத்தை முடித்துக்கொண்டு, தீசிஸோடு சேர்க்க வேண்டிய வழிகாட்டிச் சான்றிதழ்த் தாளில் கையெழுத்துப் போடப் பேராசிரியரே எங்கள் மாடிக்கு வந்தார். தாள்களின் அடிப்பகுதியை மட்டும் புரட்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சுடலைமுத்து சான்றிதழ்த் தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கையெழுத்து இன்னும் விழவில்லையே. நான்தான் கேட்டேன்: "சார், இப்போ மேலதுன்னா உங்க புஸ்தகம்னு ஆயிடறதே. மூணாவதிலே அந்த அம்மா பேரை ஒரு தடவை திருப்பிப் போட்டா சரியாயிடும்." அவர் பேனாவை மூடியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மணி, கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் பெயரை எத்தனை தடவைதான் எழுதுவது? சுருக்கமே ஆய்வுக்கு அழகு."

முழுப் பெயர்

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, காப்பி குடித்து, ரயிலேறும் வரை பொறுத்திருந்தேன். பிறகு சுடலைமுத்துவிடம் சொன்னேன்: "கையெழுத்து தனித் தாள்லேன்னா இருக்கு? அத்தியாயத்தை நான் திருப்பி அடிச்சுத் தரேன். என்ன சொல்றேள்?" அவர் முதல் குறிப்பு இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "வாய்மொழித் தேர்வுக்கு அவரும் வருவாருக்கா. கண்டுபிடிச்சா பட்டம் போயிரும்" என்றார். அப்புறம், "போனாப் போவுது, அடிங்க" என்றார்.

மூன்றாவதில் மட்டும் பெயர் போட்டிருந்தால் போதும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நாற்பது இடத்திலும் 'பாடியவர்: மாடத்தி அம்மாள்' என்று தொடங்கி முழுசாக அடித்தேன். 'அம்மாள்' என்பது மட்டும் என் கைச்சரக்கு. ஒவ்வொரு குறிப்பும் இரண்டு வரியானதில் எல்லாப் பக்கமும் பிதுங்கி, அத்தியாயம் இரண்டு பக்கம் நீண்டு, பொருளடக்கத்தையும் திருப்பி அடிக்க வேண்டி வந்தது. பேராசிரியரின் புத்தகத்தை நான் தொடவில்லை. இரண்டாம் எண்ணில் துணையில்லாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பைண்டிங். திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஒப்படைத்தார்.

வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டம் உறுதியான சேதியோடு சுடலைமுத்து நேரே என் மேசைக்கு வந்தார். அடிக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு வந்த வெளியூர்த் தேர்வாளர் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாராம். "நாற்பத்தொரு இடத்தில் மேற்கோளாக வரும் இந்த மாடத்தி அம்மாள் எந்த இசைக் கல்லூரியில் இருக்கிறார்?" பேராசிரியர் மேசை மேல் கிடந்த குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுடலைமுத்து எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறார்.

"எங்க அம்மா சார். இந்நேரம் பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டுல நிப்பா."

இத்தனை வருஷம் அடிக்குறிப்பு அடித்ததில் எனக்கு வந்த ஞானம் இவ்வளவுதான்: சுருக்கமாக எழுதச் சொல்கிறவர் யார் பெயரைச் சுருக்கச் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு அப்புறம் விசையில் கை வைக்க வேண்டும்.