குழாயில் ஒரு தட்டு

இது நடந்தது. சந்தேகமிருந்தால் அலியாரிடமே கேட்கலாம். தான் பிடித்த மீனின் நீளத்தைத் தவிர வேறெதிலும் அவர் பொய் சொன்னதில்லை.

1958, சித்திரை. வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்பளம். கடல்நீர் இறைக்கும் பம்பு மூன்று நாளாகத் திணறியது. அதைச் சரிபார்க்க யார் பம்புக் குழிக்குள் இறங்கினாலும், மேலே கொட்டகையிலுள்ள இன்ஜின் நின்றுவிடும். ஏறி வந்தால் சமர்த்தாக ஓடும். கீழக்கரையிலிருந்து மெக்கானிக் அலியாரை அழைத்து வந்தார்கள்.

குழி பதினைந்து அடி ஆழம். இன்ஜினிலிருந்து பம்புக்கு இறங்கும் பெல்ட் ஏணியை உரசியபடி ஓடும். இன்ஜின் நின்றால்தான் மேலே ஏற முடியும். சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் கீழே இருப்பவர் ஸ்பேனரால், மேலே போகும் தண்ணீர்க் குழாயில் தட்டுவார். இரண்டு தட்டினால் ஓட்டு, ஒன்று தட்டினால் நிறுத்து. மேலே இன்ஜினை ஓட்டும் டிரைவர் குழாயில் கை வைத்து அந்த அதிர்வை உணர்ந்துகொள்வார்.

காலை 11.25. அலியார் இறங்கி இரண்டு தட்டினார். இன்ஜின் ஓடியது. குனிந்து பம்பைப் பார்த்தார்... நின்றது.

11.50. மறுபடியும் அப்படியே.

மேலே வந்தார். டிரைவர் கூத்தையா அந்த வாரம்தான் முதுகுளத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவன்.

"ஏன்லே நிறுத்துன?"

"நீங்கதான பாய் தட்டுனீக?"

"நான் தட்டவே இல்லையேப்பா!"

கோளாறு பிடிபட்டது என்று அலியாருக்கு ஒரே சந்தோஷம். குழாய் அதிர்வதை இவன் தட்டு என்று நினைக்கிறான், அவ்வளவுதான்.

"குழாய்ல இருந்து கையை எடுத்துரு. கால்மணி நேரம் என்ன ஆனாலும் நிறுத்தாத."

12.04. இன்ஜின் ஓடியது. நிற்கவில்லை.

12.06. பம்பின் மூட்டு பிளந்தது. உப்புநீர் குழிக்குள் பீறிட்டது.

ஒரு தட்டு.

இன்ஜின் ஓடியது.

இன்னொரு தட்டு. இன்னொன்று. தண்ணீர் முழங்கால்... இடுப்பு... கத்தினார். தான் சொன்ன சொல்லே தன்னைக் கொல்லப்போகிறது என்று புரிந்தது. ஈரக் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

கழுத்து...

டங்.

அவர் கையில் எதுவும் இல்லை.

டங்... டங்...

சத்தம் குழாயோடு மேலே ஏறிப் போனது.

12.13. இன்ஜின் நின்றது.

அலியார் ஏறி வந்தார். "அல்லா காப்பாத்துனான்... நிறுத்திட்டியேப்பா!"

கூத்தையா விழித்தான். "நான் நிறுத்தல பாய். நீங்க அனுப்புன ஆளுதான் நிறுத்துனாரு. குழிக்குள்ள இருந்து ஏறி வந்தாரே... ஈரக் கைலியோட, கையில ஸ்பேனரோட."

பெல்ட் ஓடும்போது அந்த ஏணியில் யாரும் ஏற முடியாது.

மாலையில் உப்பள மேஸ்திரி சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் அதே குழியில் சதக் என்ற மெக்கானிக் மூழ்கிச் செத்தாராம். அன்றைக்கும் டிரைவர் குழாயில் கை வைத்திருக்கவில்லை. சடலத்தை எடுத்தபோது அவருடைய ஸ்பேனர் மட்டும் கிடைக்கவில்லையாம்.

இன்ஜின் பக்கத்தில் துருப்பிடித்த ஸ்பேனர் ஒன்று கிடந்தது. அது இன்னும் ஈரமாக இருந்தது.