அக்கா பேரில் போட்ட பாய்

நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் பஸ் ஓட்டறவன். கதை கட்டத் தெரிஞ்சிருந்தா ஏன் இந்த வேலைக்கு வர்றேன்? இது எனக்கு நடந்தது.

பதினெட்டு வருஷம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடுப்பு போயிடுச்சு. அடுத்த மாசம் உடல்தகுதிப் பரிசோதனை. தேறலைன்னா ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டாங்க. எனக்கு வேற தொழிலும் தெரியாது. பக்கத்துத் தெருவில், துணி தேய்க்கிற கடைக்கு மாடியில ஒரு யோகா வகுப்பு. ஆறு பாய் விரிச்சா அறை நிரம்பிடும். காலை 5.30 வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே ஒரு சட்டம். போனில் ரெண்டு பேராவது பதிவு செய்யணும், இல்லைன்னா வகுப்பு ரத்து. அந்த நேரத்துக்கு என்னைத் தவிர ஒரு ஈ காக்கா வரலை. மூணு நாள் தொடர்ந்து ரத்து.

அப்பதான் அந்தத் தப்பைச் செஞ்சேன். அந்த இடத்தை எனக்குச் சொன்னதே என் அக்காதான். "நீயும் வாடா"ன்னு நச்சரிச்சிட்டே இருந்தா. பத்து வகுப்புக்கு பாஸ்கூட வாங்கி வச்சிருந்தா. ஒரு நாள்கூடப் போகலை. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துட்டா. அப்போ ரெண்டு மாசம் ஆகியிருந்தது. அவ போன் என்கிட்ட இருந்தது. அதிலிருந்து அவ பேருக்கு ஒரு இடம் போட்டு, கூட என் அக்கா வர்றான்னு சொல்லி வச்சேன்.

முதல் நாள் டீச்சரம்மா ரெண்டு பாய் விரிச்சிருந்தாங்க. முன்னால என்னுது. பின்னால அக்காவோடது.

"அக்கா எங்க சார்?"

"கொஞ்சம் லேட்டாகும்"னு வாய் கூசாம சொன்னேன்.

வகுப்பு முடியறப்போ கண்ணுமேல துணி போட்டு பத்து நிமிஷம் படுக்கணும். நாலாவது நாள், 6.20க்குப் படுத்தேன். பின்னால மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கற மூச்சு... வெளியே விடற சத்தமே இல்லை.

எழுந்து திரும்பினேன். பாய் காலி. அதுமேல இருந்த போர்வை மட்டும் கலைஞ்சிருந்தது.

"இப்பதான் இறங்கிப் போனாங்க. நீங்க கண்ணை மூடினதும் வர்றாங்க, திறக்கறதுக்குள்ள போயிடறாங்க. ரொம்பக் கூச்சமோ?"ன்னு டீச்சரம்மா கேட்டாங்க.

இனி இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு நினைச்சேன். ஆனா அன்னிக்குத்தான் வலியில்லாம குனிஞ்சு செருப்பு மாட்டினேன். மறுநாளும் ரெண்டு இடம் பதிவு செஞ்சேன். எனக்கு வேலை முக்கியம்.

எட்டாவது நாள். குப்புறப் படுத்திருந்தேன். டீச்சரம்மா குரல் எனக்கு முன்னால, ஜன்னல் பக்கம் கேட்டது.

"மெதுவா... மூச்சை விடுங்க..."

அதே நேரம் என் இடுப்பில் ஒரு கை.

சூடா.

சரியா வலிக்கிற இடத்தில்...

நான் திரும்பலை.

பத்தாவது வகுப்போட அக்கா பாஸ் தீர்ந்தது. மறுநாள் பரிசோதனை. டாக்டர் குனியச் சொன்னார், குனிஞ்சேன். தேறிட்டேன். வெளியே வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அதோட பதிவு செய்யறதை நிறுத்திட்டேன்.

மூணாம் நாள் காலை 6.41. வண்டியைக் கிளப்பப் போறேன். டீச்சரம்மா போன்.

"சார், பதிவு இல்லாமலே இன்னிக்கு அக்கா வந்திருந்தாங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பாயை விட்டு எழுந்திரிக்கவே முடியலை."

சாவியில வச்ச கையை எடுத்தேன்.

"வலியில துடிக்கிறாங்க சார். தம்பி வந்து தூக்கிடுவான்னு சொல்றாங்க. வர்றீங்களா?"

போனை அணைச்சேன். வண்டியில நாற்பது பேர் இருந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் காரணமாச் சொல்லிக்கிறேன்.

சாயங்காலம் போய் உண்மையைச் சொன்னேன். டீச்சரம்மா அக்காவோட பாயைச் சுருட்ட ஆரம்பிச்சாங்க.

"ஒம்பது மணி வரைக்கும் வாசலையே பார்த்துட்டுக் கிடந்தாங்க சார். தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள காணோம்."

சுருட்டின பாயை ஓரமா வச்சுட்டுச் சொன்னாங்க.

"தம்பி வந்துட்டே இருக்கார், வந்துட்டே இருக்கார்னு... நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."