அதிகம் சிரித்த பிள்ளை

என்னைப் பெரிய நகைச்சுவை மன்னன் என்று நம்பியிருந்த முட்டாள் நான். செஞ்சியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த வருடம், என் தொப்பையை ராஜகிரி மலையோடும், உம்மென்று இருக்கும் பையனை எருமையோடும் ஒப்பிட்டு நான் விடும் ஜோக்குக்கு மற்ற பிள்ளைகள் ஓய்ந்த பிறகும் ஒருத்தி சிரிப்பாள். ஒடிசாவிலிருந்து வல்லம் பக்கத்துச் செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். ஊரில் பாட்டியிடம் இருந்தவளை அந்த வருடம்தான் இங்கே அழைத்து வந்திருந்தார்கள். ஒரே மாதத்தில் பிள்ளை தமிழுக்குப் பழகிவிட்டாள், எல்லாம் என் திறமை என்று சக ஆசிரியர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

திடீரென மூன்று நாள் அவள் வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் அவளுடைய அக்கா வந்தாள். இங்கேயே நாலு வருடம் படித்தவள், நம் ஊர்ப் பேச்சு அப்படியே இருந்தது.

"யூனிபார்ம் போட்டாலே வாந்தி எடுக்குது சார். வயித்துல ஒண்ணும் இல்ல, ஸ்கூல் பயம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னாம்மா சொல்ற? கிளாஸ்லயே அவதான அதிகமா சிரிக்கிறா?"

"நீங்க பேசுறது அதுக்கு ஒண்ணுமே புரியாது சார்."

வருகைப் பதிவேட்டை மூடினேன்.

"அப்புறம் எதுக்கும்மா சிரிக்குது?"

"சிரிக்கலன்னா தன்னையே ஜோக்கா ஆக்கிடுவீங்கன்னு பயம் சார்."