வெறுமையாக விட்ட நாட்களின் சம்பளம்

கபிரியேலுக்கு நான் ஆயிரத்தெண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். பதினெட்டு நாள் சம்பளம். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூட்டை சுமந்து, உக்குவளை டவுனில் மாடிக் கடை கட்டியவன் நான். என்னிடம் சம்பளம் பாக்கி என்று சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

2006ஆம் ஆண்டு சந்திரகாந்தா என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் என்னைத் தேடி வந்தார். நகரத்துத் தண்ணீர்த் தாங்கிகளில் எவ்வளவு நீர் இருக்கிறதென்று கம்பியில்லாமல் அலுவலகத்துக்கு அறிவிக்க முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு உயரத்தில் ஓர் அன்டெனா வேண்டும். மலைமேல் என் மிளகுக் காணி இருந்தது. இடத்தையும் கொடுத்தேன், தூணையும் நட்டேன், ஆளையும் பிடித்தேன். அவர்கள் தரும் பணத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது என் பொறுப்பு.

கபிரியேல் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தவன். மனைவி டொறீன் இறந்துபோன பிறகு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி அறையில் தனியாகக் கிடந்தான். மூன்று வேளையும் மலையேறி, தூணடிப் பெட்டியில் தெரியும் சிக்னல் எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். நாளுக்கு நூறு ரூபாய். சனிக்கிழமை நான் போனால், "இருங்க முதலாளி, தேத்தண்ணி ஊத்துறேன்" என்பான். குடித்து முடித்தாலும் எழும்ப விடமாட்டான். அந்த வாரத்தில் அவன் பேசிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் கழித்துச் சம்பளம் கொடுக்கக் கொப்பியைப் பார்த்தேன். பத்தொன்பது நாட்கள் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் மட்டும் "மூடுபனி", "பெருமழை" என்று எழுதியிருந்தான். ஒன்றில் "பொலிஸ்". யுத்த காலம்; தமிழன் மலையில் அன்டெனா வைத்திருக்கிறான் என்று யாரோ சொல்ல, பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டியும் ஒரு பகல் முழுக்க அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழாத நாளுக்கு அங்கே சம்பளம் கிடையாது.

"சும்மா இருந்த நாளுக்கு எப்படிய்யா காசு?"

"சும்மா இல்லீங்க. மூணு வேளையும் ஏறிப் பாத்தேன். பெட்டியில நம்பர் வரல. பொலிஸ் நாள விட்ருங்க, பதினெட்டு நாளுக்குக் குடுங்க."

"முந்தின நாளு நம்பர எழுதியிருந்தா முடிஞ்சிச்சி."

"இல்லாத நம்பர எங்க போயி வாங்குறது முதலாளி? ஒங்க கடையிலயும் விக்கலியே."

லொறி ஓட்டி வந்த ரவூப் சிரித்துவிட்டான். நான் அந்த நாட்களின் பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாளும் கபிரியேல் ஏறிப்போய் எழுதினான். ஆனால் சனிக்கிழமை இருங்க என்று சொல்லவில்லை. நானும் இருக்கவில்லை. என் பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். நானே கட்டிய மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் யாரோடு பேசுவதென்று தெரியாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் சந்திரகாந்தா, இதேபோல் அன்டெனா வைத்த நான்கு இடத்துக் கொப்பிகளையும் என் கடை மேசையில் விரித்தார். சிங்களத்தில் சொன்னார்:

"மற்ற மூன்றிலும் ஒரு நாள்கூடக் காலியில்லை. இந்த மழையில் அது நடக்காது. எண்களைச் சும்மா போட்டிருக்கிறார்கள். தாங்கி நிரம்பி வழிவது மழை நாளில்தானே? அன்றைக்கு சிக்னல் நிற்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது உங்கள் ஆளின் கொப்பி மட்டும்தான். அந்த நாட்களுக்கு அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?"

நான் மேசை இழுப்பறையைத் திறந்து பத்தொன்பது நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி எடுத்தேன்.

அன்று பின்னேரமே, அறுபத்தெட்டு வயதில், லொறி இல்லாமல் நடந்தே ஏறினேன். அவன் தூணடியில் உட்கார்ந்திருந்தான்.

"கபிரியேலு, கைய நீட்டு."

"என்னத்துக்குங்க?"

"ஒன் சம்பளம். பத்தொன்பது நாளு."

"பதினெட்டுங்க. பொலிஸ் நாளு நான் பெட்டிய பாக்கல."

ஒரு தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்து நீட்டினான். விரிந்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நூறு ரூபாய்த் தாளாக, சத்தமாகவே, பதினெட்டு வரை எண்ணி வைத்தேன்.